வேடந்தாங்கலில் கூடு கட்டுவது வெளிநாட்டுப் பறவைகள் அல்ல

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து ஏரிகள் நிரம்பியதும் ஆண்டுதோறும் எல்லா நாளிதழ்களிலும் ஒரு செய்தி தவறாமல் வந்துவிடுகிறது. வேடந்தாங்கலில் சீசன் களைகட்டியது, சைபீரியாவிலிருந்தும் ஆஸ்திரேலியாவிலிருந்தும் ஆயிரக்கணக்கில் பறவைகள் வந்து முட்டையிட்டுக் குஞ்சு பொரிக்கின்றன என்பார்கள். தங்கள் நாளிதழும் இதற்கு விலக்கில்லை. செய்தியின் முதல் பாதி சரி. இரண்டாம் பாதியைத் திருத்தினால் பறவைகளுக்கும் நல்லது, பார்க்க வருகிறவர்களுக்கும் நல்லது.

வேடந்தாங்கல் ஏரியின் நீர்க்கடம்பு மரங்களில் கூடு கட்டுபவை நத்தைகுத்தி நாரை, மஞ்சள்மூக்கு நாரை, கூழைக்கடா, வெள்ளை அரிவாள்மூக்கன், கரண்டிவாயன், நீர்க்காகங்கள், பாம்புத்தாரா, சாம்பல் நாரை, வக்கா, கொக்குகள். இவை எல்லாம் நம் நாட்டுப் பறவைகள். மழை பெய்து தண்ணீர் நிற்கும் இடம் தேடி மாவட்டம் விட்டு மாவட்டம், மாநிலம் விட்டு மாநிலம் போய் வருபவை. கடல் கடந்து, இமயம் கடந்து வருபவை வேறு: நீலச்சிறகிக் கிளுவை, ஊசிவால் வாத்து, தட்டைவாயன், உள்ளான் வகைகள். கூந்தங்குளத்துக்கு வரும் வரித்தலை வாத்தும் இந்த வகைதான். இவை இங்கே ஒரு முட்டைகூட இடுவதில்லை. குளிர்காலத்தைக் கழித்து, இரை தின்று கொழுத்து, கோடையில் வடக்கே திரும்பிப்போய்த்தான் கூடு கட்டும். ஆஸ்திரேலியாவுக்கு இதில் வேலையே இல்லை.

செய்தியோடு வரும் படத்திலும் அடிக்கடி ஒரு குழப்பம். இனப்பெருக்கக் காலத்தில் மஞ்சள்மூக்கு நாரையின் பின்பக்க இறகுகள் நல்ல ரோஜா நிறமாகிவிடும். அதைப் பார்த்துப் பூநாரை (ஃபிளமிங்கோ) என்று எழுதிவிடுகிறார்கள். பூநாரையின் அலகு பாதியில் கீழ்நோக்கி மடங்கியிருக்கும். அது மரத்தில் கூடு கட்டாது. அதைப் பார்க்க வேண்டுமென்றால் கோடியக்கரைக்கோ பழவேற்காட்டுக்கோ போக வேண்டும்.

சொந்த ஊர்ப் பறவையா, விருந்தாளியா என்பதில் என்ன வந்துவிட்டது என்று தோன்றலாம். நிறைய இருக்கிறது. அடைகாக்க ஏறத்தாழ ஒரு மாதம், பெரிய நாரைக் குஞ்சு பறக்கத் தயாராக மேலும் இரண்டு மாதம் என்று வைத்துக்கொண்டால், குறைந்தது மூன்று மாதம் மரத்தடியில் தண்ணீர் நிற்க வேண்டும். தண்ணீர்தான் வேலி. அது வற்றினால் நாயும் பூனையும் கீரியும் மரத்தடிக்கு வந்துவிடும். அத்தனை நாளும் தாயும் தந்தையும் மாறி மாறி இரை தேட வேண்டும். வேடந்தாங்கல் ஏரியின் பரப்பு சுமார் 30 ஹெக்டேர்தான். அத்தனை கூட்டுக்கும் அந்த ஒரு ஏரி மீன் போடாது. சுற்றுவட்டாரத்து ஏரி, குளம், நெல்வயல், வாய்க்கால்தான் இவற்றின் சமையலறை. ஏரியைச் சுற்றி 5 கிலோமீட்டர் வட்டத்தையும் சரணாலயத்தில் சேர்த்து வைத்திருப்பது இதனால்தான். நத்தைகுத்தி நாரையை ஒரு வயலில் கால்மணி நேரம் கவனித்தால் இது விளங்கிவிடும். சேற்றில் அலகை நுழைத்துத் துழாவி ஒரு நத்தையைப் பிடிக்கும். அலகு நுனியை நத்தை ஓட்டின் வாய்மூடிக்குள் செலுத்தி, தசையை அறுத்து, சதையை மட்டும் உருவி விழுங்கும். ஓடு பெரும்பாலும் உடையாமல் வரப்பிலேயே கிடக்கும். அந்த வயலில் பூச்சிமருந்து அடித்து நத்தை செத்தால், வேடந்தாங்கல் மரத்தில் குஞ்சு பட்டினி.

ஆகவே பறவை நோக்கலில் இறங்க விரும்புகிறவர்களுக்கும், பள்ளியில் இயற்கை மன்றம் நடத்தும் ஆசிரியர்களுக்கும் எங்கள் யோசனை இது. சரணாலயத்தை இரண்டாவதாக வைத்துக்கொள்ளுங்கள். முதலில் உங்கள் ஊர் ஏரி.

நான்கைந்து பேர் போதும். மாதம் ஒருமுறை, உதாரணமாக முதல் ஞாயிறு, காலை ஆறரை முதல் எட்டுக்குள். கரையில் மூன்று இடங்களைத் தேர்ந்து அவற்றை மாற்றாமல் வைத்துக்கொள்ளுங்கள்: மதகு, கலங்கல் (உபரிநீர் வழியும் இடம்), ஒரு மரத்தடி என்று யாரும் சுலபமாக அடையாளம் காணும்படி இருக்கட்டும். ஒவ்வொரு இடத்திலும் 15 நிமிடம். ஒருவர் எண்ண வேண்டும், ஒருவர் எழுத வேண்டும். எண்ணுகிறவரே எழுதினால் தலை குனியும் நேரத்தில் பத்துப் பறவை இடம் மாறிவிடும். சூரியன் முதுகுப் பக்கம் இருக்கும்படி நில்லுங்கள். எதிர்வெயிலில் எல்லா வாத்தும் கறுப்பு வாத்துதான். கரை மேற்கில் இருந்தால் அந்த ஏரிக்கு மாலை நேரமே சரி.

கூட்டத்தை எண்ணுவது பழக்கத்தில் வரும். முதலில் பத்துப் பறவைகளை ஒன்று ஒன்றாக எண்ணி, அந்தப் பத்து கண்ணுக்கு எவ்வளவு இடம் பிடிக்கிறது என்று மனதில் வாங்கிக்கொள்ளுங்கள். பிறகு அந்த அளவைக் கூட்டத்தின் மேல் வரிசையாக வைத்து நகர்த்துங்கள். பெரிய கூட்டத்தைப் புதியவர்கள் பெரும்பாலும் குறைத்தே மதிப்பிடுவார்கள். இருவர் தனித்தனியே எண்ணி ஒப்பிட்டால் சீக்கிரம் கை பழகும். சேற்றுப் பூனைப்பருந்து தாழப் பறந்து வாத்துகள் மொத்தமாக எழும்பிவிட்டால் அந்த எண்ணிக்கையை அடித்துவிட்டு, அவை அமர்ந்தபின் புதிதாகத் தொடங்குங்கள். ‘500-க்கு மேல்’ என்று எழுதாதீர்கள். அது 510 ஆகவும் இருக்கலாம், 900 ஆகவும் இருக்கலாம். 520 என்று ஓர் எண்ணை எழுதுங்கள். பறவையே இல்லாத மாதத்தையும் எழுத வேண்டும். வறண்ட ஏரியின் பூஜ்யம் இல்லாமல் நிறைந்த ஏரியின் எண்ணுக்குப் பொருளில்லை. கூடவே தண்ணீர் மதகின் எத்தனையாவது படிவரை நிற்கிறது, ஆடு மாடு மேய்கிறதா, மீன்பிடி நடக்கிறதா என்று ஒரு வரி.

இதையெல்லாம் பறவைப் பதிவுகளுக்கான இ-பேர்ட் (eBird) செயலியில் இலவசமாக ஏற்றலாம். அடையாளம் தெரிந்த எல்லாப் பறவைகளையும் பதிந்தீர்களா என்று கடைசியில் ஒரு கேள்வி வரும். காகம், மைனாவை விட்டுவிட்டு அரிதானதை மட்டும் எழுதிவிட்டு ‘ஆம்’ போடக் கூடாது. நடந்தபடி எண்ணினால் போன தூரத்தை மட்டும் எழுத வேண்டும். அதே வழியில் திரும்பி வந்ததைச் சேர்க்கக் கூடாது. பொங்கல் விடுமுறையில் தமிழகம் முழுக்க நடக்கும் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பிலும், பிப்ரவரியில் நான்கு நாள் நடக்கும் உலகளாவிய கணக்கெடுப்பிலும் இதே முறைதான். புதியவர்கள் தொடங்க அவை நல்ல நாள்கள். மெர்லின் செயலி குரலைக் கேட்டுப் பெயர் சொல்லும். அதைத் துப்பாகக் கொள்ளலாம், தீர்ப்பாகக் கொள்ளக் கூடாது. மற்ற பறவைகளின் குரலை அப்படியே பேசிக்காட்டும் கரிச்சான்கள் மனிதக் காதையே ஏமாற்றுபவை.

அடையாளம் காண்பதில் எல்லோரும் தடுக்கி விழும் இடங்கள் சில உண்டு. வெள்ளைக் கொக்குகளில் சின்னக் கொக்குக்கு அலகு கறுப்பு, பாதம் மஞ்சள்; சேற்றிலிருந்து கால் தூக்கும்வரை காத்திருக்க வேண்டும். பெரிய கொக்குக்கு வாய்க்கோடு, அதாவது அலகின் பிளவிலிருந்து முகத்தில் ஓடும் கோடு, கண்ணைத் தாண்டிப் பின்னால் நீளும். நடுத்தரக் கொக்குக்குக் கண்ணுக்குக் கீழேயே நின்றுவிடும். உயரத்தை வைத்து முடிவு செய்தால் தனியாக நிற்கும் கொக்கு எதுவும் பெரிய கொக்காகத்தான் தெரியும். நத்தைகுத்தியின் குஞ்சுக்கு அலகில் இடைவெளி இருக்காது, வளர வளரத்தான் வரும். மஞ்சள்மூக்கு நாரையின் இளம் பறவை அழுக்குப் பழுப்பாக இருக்கும். இரண்டையும் ‘புது இனம்’ என்று படம் எடுத்து அனுப்புபவர்கள் ஆண்டுதோறும் உண்டு.

இருநோக்கி (பைனாகுலர்) வாங்குவதானால் 8x42 போதும். முதல் எண் எத்தனை மடங்கு பெரிதாக்கும் என்பது, இரண்டாவது முன்வில்லையின் விட்டம் மில்லிமீட்டரில். 20x50 என்று எழுதிய மலிவுச் சரக்கில் கை நடுக்கமும் இருபது மடங்காகும், பார்வைப் பரப்பும் சுருங்கிவிடும். வாங்கியதும் ஒருமுறை சரிசெய்ய வேண்டும்: வலக்கண்ணை மூடிக்கொண்டு, நடுச்சக்கரத்தைத் திருப்பி இடக்கண்ணுக்கு ஓர் இலையைத் துல்லியமாக்குங்கள். பிறகு இடக்கண்ணை மூடி, சக்கரத்தைத் தொடாமல், வலப்பக்கக் கண்வில்லையில் உள்ள வளையத்தை மட்டும் திருப்பி அதே இலையைத் துல்லியமாக்குங்கள். இதைச் செய்யாததால்தான் பலர் பத்து நிமிடத்தில் தலைவலி என்கிறார்கள். கண்ணாடி அணிபவர்கள் கண்குவளையை (கண்வில்லையைச் சுற்றியுள்ள விளிம்பை) கீழே இறக்கிக்கொள்ள வேண்டும். கடலோர மாவட்டங்களில் ஈரத்தால் வில்லையில் பூஞ்சை படரும். காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வையுங்கள். தோல் உறைக்குள் பூட்டி அலமாரியில் போட்டால் ஒரு மழைக்காலத்தில் போய்விடும்.

மூன்று, நான்கு மாதம் இப்படிப் பழகியபின் வேடந்தாங்கலுக்குப் போனால் பார்க்கத் தெரிந்த கண்ணோடு போவீர்கள். ஞாயிறு காலை பதினொரு மணிக்கு ஐம்பது பிள்ளைகளைப் பேருந்தில் ஏற்றிவந்து இறக்குவதால் யாருக்கும் பயனில்லை. ஒரு வழிகாட்டிக்கு எட்டுப் பேர், மிஞ்சினால் பத்துப் பேர். காலை ஆறு மணிக்கே வாசலில் இருக்க வேண்டும், அல்லது மாலை நான்கு முதல் ஆறு; இரைதேடப் போனவை வரிசை வரிசையாகக் கூடு திரும்பும் நேரம் அது. நண்பகலில் பார்க்க ஒன்று உண்டு: நாரைகள் கூட்டின் மேல் சிறகை அரைவட்டமாக விரித்து நின்று குஞ்சுக்கு நிழல் தரும். வாய் நிறையத் தண்ணீர் கொண்டுவந்து குஞ்சின் மேல் ஊற்றுவதும் உண்டு. அந்த நேரத்தில் கைதட்டியோ கத்தியோ தாயை எழுப்பினால், அது திரும்பும்வரை குஞ்சு வெயிலில் வேகும், காகத்துக்கும் வாய்ப்பு. ட்ரோன் இன்னும் மோசம். மேலிருந்து வருவதைப் பருந்தாகவே எடுத்துக்கொண்டு கூடு கட்டியிருக்கும் மொத்தக் கூட்டமும் எழும்பும். கூட்டுக்கு மேலிருந்து எடுத்த படம் எவ்வளவு அழகாக இருந்தாலும் தங்கள் நாளிதழ் அதை வெளியிடாமல் இருக்க வேண்டுகிறோம்.

வாத்துகளை நன்றாகப் பார்க்க விரும்புகிறவர்கள் அருகிலுள்ள கரிக்கிலியையும் சேர்த்துக்கொள்ளலாம். ஆழம் குறைந்த ஏரிகள், கூட்டமும் குறைவு. வெளிநாட்டு விருந்தாளிகளை அங்கேதான் நிதானமாகப் பார்க்க முடியும். வேடந்தாங்கல், கரிக்கிலி இரண்டும் 2022-ல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் சேர்ந்தவை. காலில் எண் பொறித்த வளையத்தோடு பறவை தென்பட்டால் எண் தெரியும்படி படம் எடுத்து மும்பை இயற்கை வரலாற்றுக் கழகத்துக்கு அனுப்புங்கள். விரட்டிப் பிடிக்க வேண்டாம்.

வேடந்தாங்கல் பிழைத்தது அரசு ஆணையால் மட்டும் அல்ல. வெள்ளைக்காரர்கள் பறவைகளைச் சுட்டபோது ஊரார் முறையிட்டு, 1798-ல் செங்கல்பட்டு கலெக்டர் லயனல் பிளேஸிடம் பறவைகளைக் காக்கும் உரிமையை எழுதி வாங்கினார்கள். எச்சம் கலந்த ஏரித்தண்ணீர் வயலுக்கு உரம் என்பது அவர்களுக்குத் தெரியும். சிவகங்கை மாவட்டம் கொள்ளுக்குடிப்பட்டியில் தீபாவளிக்கும் வெடி வெடிக்காமல் இருப்பவர்களும் அந்த வகைதான். மற்ற ஊர் ஏரிகளுக்கு அந்தக் காவல் இல்லை. ஏரிக்குள் நட்ட கருவேல மரங்கள் வளர்ந்ததும் ஏலம் விடப்படுகின்றன; அதில் கொக்கும் நீர்க்காகமும் கூடு கட்டியிருக்கிறதா என்று ஏலம் எடுப்பவருக்கு யாரும் சொல்வதில்லை.

மாதக் கணக்குத் தாள் உதவும் இடம் இதுதான். ஜனவரி 26 கிராமசபை கூடுகிறது. அதற்குள் பொங்கல் கணக்கெடுப்பு முடிந்திருக்கும். எந்த ஏரியில், எத்தனை மரத்தில், எந்தப் பறவையின் எத்தனைக் கூடு என்று ஒரு பக்கத்தில் எழுதி, குஞ்சுகள் பறக்கும்வரை அந்த மரங்களை வெட்டக் கூடாது என்று தீர்மானம் கேட்கலாம். எல்லா மரத்தையும் காப்பாற்றுங்கள் என்றால் யாரும் கேட்க மாட்டார்கள். ‘மதகுக்கு வடக்கே உள்ள பதினோரு மரங்கள், ஏப்ரல் முடியும்வரை’ என்றால் கேட்பார்கள். தங்கள் நாளிதழின் ஊராட்சிச் செய்தியாளர்கள் அந்தத் தீர்மானங்களையும் சீசன் செய்தியோடு சேர்த்து வெளியிட்டால் நன்றாக இருக்கும்.

இப்படிக்கு,
பறவை நோக்குநர் குழுவினர்,
மதுராந்தகம் வட்டாரம்.