ழ வராத லேப்டாப்பும் போகாத மென்பொருளும்

பெறுநர்: மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு

பொருள்: விண்டோஸை நானே புதிதாகப் போட்டதைக் காரணம் காட்டி, விசைப்பலகைப் பழுதுக்கு வாரண்டி மறுத்தது குறித்த புகார்

அன்புடையீர்,

இதே விஷயத்தை முதலில் பிரெஞ்சில் எழுதினேன், பிறகு ஆங்கிலத்தில். இரண்டுக்கும் ஒரே தானியங்கிப் பதில்தான் வந்தது. அப்புறம் உங்கள் உதவி எண்ணை அழைத்தேன். சென்னையிலிருந்து ஒரு தம்பி எடுத்தார். பெயரைச் சொன்னதும், "மேடம், நீங்க தமிழா?" என்றார். மொரீசியஸில் தொடக்கப் பள்ளியில் தமிழ் சொல்லிக்கொடுக்கிறேன் என்றேன். "அப்ப தமிழ்லயே எழுதி அனுப்புங்க மேடம், நான் மேலே அனுப்பிடுறேன்" என்றார். அவர் பேச்சை நம்பி எழுதுகிறேன்.

நான் தமிழ்99 என்ற விசைப்பலகை முறையில் அடிக்கிறவள். அதில் ழ இருப்பது வலது ஷிஃப்டுக்கு ஒட்டினாற்போல, ஆங்கிலத்தில் சாய்கோடு வரும் விசையில். அந்த விசைதான் செத்துப்போனது. எனவே இந்தக் கடிதத்தில் ழகரம் வரும் இடமெல்லாம், திரையில் விசைப்பலகைப் படத்தைத் திறந்து, மவுஸால் ஒவ்வொன்றாகச் சொடுக்கிச் சேர்த்தது. 'பழுது' என்ற சொல்லைக்கூட அடிக்க முடியாத பழுது இது. என் தொழிலில் ழ இல்லாமல் ஒரு நாள் ஓட்ட முடியாது என்பதை நீங்களே புரிந்துகொள்வீர்கள்.

லேப்டாப் வாங்கியது போன டிசம்பரில், போர்ட் லூயிஸில் உள்ள உங்கள் விற்பனைக் கடையில். பழைய லேப்டாப்பில் டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்புச் சில்லு இல்லாததால் விண்டோஸ் 11 ஏற்காது. விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட் தந்த ஆதரவோ 2025 அக்டோபர் 14-ஓடு முடிந்துவிட்டது. ஆகவே ஆண்டு இறுதி போனஸ் வரும்வரை காத்திருந்து (நாங்கள் பதின்மூன்றாம் மாதச் சம்பளம் என்போம்) 38,500 ரூபாயை ரொக்கமாகவே கொடுத்தேன். எங்கள் தீவின் ரூபாய் நோட்டில் தமிழ் எழுத்தும் தமிழ் எண்ணும் அச்சாகியிருக்கும், தெரியுமா? எண்ணிக் கொடுத்த ஒவ்வொரு நோட்டிலும் தமிழ் இருந்தது. வாங்கி வந்த பொருளில்தான் வரமாட்டேன் என்கிறது.

சரி, வரிசையாகச் சொல்கிறேன்.

பெட்டியைப் பிரித்து முதன்முதல் திறந்த அன்றே, நான் கேட்காத மென்பொருள் 23 இருந்தன. உட்கார்ந்து எண்ணினேன். அவற்றில் சில: 30 நாள் மட்டும் ஓடும் ஆன்ட்டிவைரஸ், மூன்று விளையாட்டுகள், தள்ளுபடிக் கூப்பன் காட்டும் ஒன்று, படம் பார்க்கச் சந்தா கேட்கும் ஒன்று, அப்புறம் உங்கள் நிறுவனத்தின் பெயரிலேயே ஐந்து. அந்த ஐந்தில் இரண்டு செய்யும் வேலை ஒன்றுதான். 256 ஜி.பி. டிஸ்க்கை விண்டோஸ் 238 என்று காட்டுவது கணக்கு முறையின் வித்தியாசம், அதற்கு உங்களைக் குறை சொல்லமாட்டேன். ஆனால் நான் ஒரு கோப்புகூட வைக்கும் முன்பே 64 ஜி.பி. நிரம்பியிருந்தது.

இதையும் பொறுத்துக்கொண்டிருப்பேன். ஜனவரியில் பள்ளி திறந்த இரண்டாவது வாரம், நான்காம் வகுப்பில் புரொஜக்டரை மாட்டி ல, ள, ழ சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். 'வாழை' என்ற சொல்லும் அதன் படமும் திரையில் இருந்தன. அதன் மேலேயே சிவப்பாக ஒரு பெட்டி எழும்பியது: உங்கள் கணினி ஆபத்தில் இருக்கிறது, உடனே புதுப்பிக்கவும். மூட ஒரு சின்ன பெருக்கல் குறி. அதை அழுத்தினால் இன்னொரு பெட்டி. முன் பெஞ்சுப் பிள்ளை ஒருத்தி எழுந்து, "மிஸ், ஓர்தினாதேர் மலாட்?" என்று எங்கள் தீவின் பேச்சுமொழியான கிரியோலில் கேட்டாள். கம்ப்யூட்டருக்கு உடம்பு சரியில்லையா என்று கேட்கிறாள். வகுப்பு முழுக்கச் சிரிப்பு. அன்றைக்கு ழ அதோடு போயிற்று.

அந்த ஆன்ட்டிவைரஸை நீக்கினேன். இரண்டு நாளில் 'புதுப்பிப்பு' என்ற பெயரில் அதன் தம்பி வந்து உட்கார்ந்தான். ஆகவே ஒரு ஞாயிற்றுக்கிழமை, கியூர்பிப்பில் மழை (இது செய்தியல்ல, இங்கே எப்போதுமே மழைதான்), வெளியே போக வழியில்லாத நாளாகப் பார்த்து, எல்லாவற்றையும் அழித்துவிட்டு விண்டோஸை முதலிலிருந்து போட முடிவு செய்தேன். மைக்ரோசாஃப்ட் தளத்திலிருந்து மீடியா கிரியேஷன் டூலை (விண்டோஸ் நிறுவும் பென் டிரைவைத் தயாரிக்கும் நிரல்) இறக்கி, 8 ஜி.பி. பென் டிரைவ் ஒன்றைத் தயார் செய்தேன். எபெனில் வேலை பார்க்கும் அண்ணன் மகன் ஃபோனில் துணைக்கு இருந்தான்.

பென் டிரைவிலிருந்து ஆரம்பித்ததும் முதல் தடை. டிஸ்க்கே இல்லை என்றது திரை. டிஸ்க்கோடு விண்டோஸ் பேச உதவும் இன்டெலின் சேமிப்பக டிரைவரைத் தனியாகக் கொடுத்தால்தான் டிஸ்க் கண்ணில் படுமாம். அது உங்கள் தளத்தில் 'மற்றவை' என்ற தலைப்பின் கீழ் எங்கோ ஒளிந்திருந்தது. ஒன்றரை மணி நேரம் அதற்கே போயிற்று. அதன் பிறகு தடங்கல் இல்லை: டிஸ்க்கின் பழைய பார்ட்டிஷன்களை (பிரிவுகளை) எல்லாம் அழித்தேன், புதிதாகப் போட்டேன், இணையத்தில் சேர்ந்த உடனே விண்டோஸ் தானாகவே ஆக்டிவேட் ஆனது. உரிமச் சாவி மதர்போர்டிலேயே பதிந்திருப்பதால் என்னிடம் எதையும் கேட்கவில்லை. இதைக் குறித்துக்கொள்ளுங்கள். நான் போட்டது திருட்டு விண்டோஸ் அல்ல, நீங்கள் காசு வாங்கிக்கொண்டு கொடுத்த அதே உரிமம். டிஸ்க்கில் 31 ஜி.பி. மட்டும்தான் நிரம்பியிருந்தது. தமிழ்99-ஐச் சேர்த்தேன், ஒரு டீ போட்டுக் குடித்தேன்.

டீ ஆறுவதற்குள் திரையின் மூலையில் உங்கள் நிறுவனத்தின் 'உதவியாளர்' என்ற மென்பொருள் எட்டிப் பார்த்தார். "வரவேற்கிறோம்!"

எனக்கு உண்மையிலேயே பயம் வந்தது. டிஸ்க் துடைத்தது, பென் டிரைவ் மைக்ரோசாஃப்டுடையது. இவர் எந்த வழியாக வந்தார்? அண்ணன் மகன்தான் தேடிப் பார்த்துச் சொன்னான். விண்டோஸ் 8 காலத்திலிருந்தே, விண்டோஸ் பிளாட்ஃபார்ம் பைனரி டேபிள் என்று ஒரு ஏற்பாடு இருக்கிறது. தயாரிப்பாளர் ஒரு நிரலை மதர்போர்டின் ஃபர்ம்வேரிலேயே (டிஸ்க்கில் இல்லாமல் மதர்போர்டுச் சில்லிலேயே பதிந்திருக்கும் அடிப்படை மென்பொருள்) வைத்துவிடலாம். விண்டோஸ் எழும்போது அதை எடுத்து, தன் சிஸ்டம் ஃபோல்டரில் எழுதி, ஓடவிடும். டிஸ்க்கை எத்தனை முறை துடைத்தாலும் திரும்பி வரும். திருட்டுப்போன லேப்டாப்பைக் கண்டுபிடிக்கும் மென்பொருள் போன்றவற்றுக்காக வைத்த வழி அது. அதன் வழியாக நீங்கள் அனுப்புவது விளம்பரம். வீட்டைக் கூட்டிக் கழுவி, வாசலையும் பூட்டிவிட்டு உட்கார்ந்தால் ஓட்டைப் பிரித்துக்கொண்டு இறங்குவதற்கு என்ன பெயர் என்று நீங்களே சொல்லுங்கள்.

உங்கள் போட்டியாளரான லெனோவோ இதே வழியில் ஒரு நிரலை வைத்து, பிறகு 2015-இல் அதை எடுத்துவிடும் ஃபர்ம்வேர் புதுப்பிப்பைக் கொடுத்தது. அதே ஆண்டின் தொடக்கத்தில்தான், வங்கித் தளம்வரை இடையில் புகுந்து பார்க்கக்கூடிய சூப்பர்ஃபிஷ் என்ற விளம்பர மென்பொருளுக்காகவும் அவர்கள் பெயர் கெட்டது. அந்தப் பாடத்தை உங்கள் துறையில் எல்லோரும் படித்திருப்பீர்கள் என்று நினைத்தேன்.

இனி ழ விஷயம். தைப்பூசக் காவடி முடிந்த வாரத்தில் அந்த விசை விட்டுவிட்டு வேலை செய்தது, மூன்றாம் நாள் அடியோடு நின்றது. தண்ணீர் படவில்லை, கீழே விழவில்லை. ரோஸ் ஹில்லில் உள்ள உங்கள் சர்வீஸ் சென்டருக்குக் கொண்டுபோனேன். கவுன்டரில் இருந்தவர் விசையைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. லேப்டாப்பைத் திறந்தார், உங்கள் மென்பொருள்கள் இல்லாததைப் பார்த்தார், மூடினார். தொழிற்சாலையில் போட்ட சிஸ்டத்தை மாற்றிவிட்டதால் வாரண்டி செல்லாது என்றார். விசைப்பலகை மேல் தட்டோடு சேர்ந்தே வருவதால் மாற்ற 4,600 ரூபாய் ஆகும். இல்லையென்றால் 1,500 ரூபாய் கட்டிப் பழைய சிஸ்டத்தைத் திரும்பப் போட்டுக்கொண்டால் வாரண்டியில் 'பரிசீலிப்பார்களாம்'. நான் கூட்டி வெளியே கொட்டிய குப்பையைத் திரும்ப வீட்டுக்குள் கொட்டுவதற்குக் கூலி 1,500 ரூபாய்!

சென்னைத் தம்பியும் முதலில் இதையே சொன்னார்: "ஓ.எஸ். மாத்திட்டீங்க, வாரண்டி போயிடும் மேடம்." அது எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று கேட்டேன். ஃபோனில் கொஞ்ச நேரம் பாட்டு ஓடியது. திரும்பி வந்து, "அப்படி நேரா எழுதலை மேடம்" என்றார். நேர்மையான பிள்ளை. உங்கள் வாரண்டிப் புத்தகத்தை நானும் முதலிலிருந்து கடைசிவரை படித்துவிட்டேன். 'மென்பொருள் மாற்றத்தால் ஏற்படும் பழுதுகளுக்கு' வாரண்டி இல்லை என்றுதான் இருக்கிறது. பழுது எதனால் ஏற்பட்டது என்பதுதான் அங்கே கேள்வி. மென்பொருளை மாற்றிவிட்டாலே எந்தப் பழுதுக்கும் வாரண்டி இல்லை என்று அந்த வரியைப் படிக்க முடியாது. இலக்கணம் சொல்லிக்கொடுப்பவளிடம் இந்த வித்தியாசத்தை மறைக்கப் பார்க்காதீர்கள்.

விசைக்கும் விண்டோஸுக்கும் சம்பந்தமில்லை என்பதற்குச் சான்றும் இருக்கிறது. அதே பென் டிரைவிலிருந்து லேப்டாப்பை ஆரம்பித்து, நிறுவும் முதல் திரையிலேயே ஷிஃப்ட், எஃப்10 இரண்டையும் சேர்த்து அழுத்தினால் ஒரு கறுப்புத் திரை வரும். அந்த நேரத்தில் டிஸ்க்கில் உள்ள விண்டோஸ் ஓடவே இல்லை. அங்கேயும் எல்லா விசையும் வருகிறது, சாய்கோடு மட்டும் வரவில்லை. பள்ளியிலிருந்து இரவல் வாங்கி வந்த யூ.எஸ்.பி. விசைப்பலகையில் அதே இடத்தில் சாய்கோடு வருகிறது. இதை வீடியோ எடுத்து இணைத்திருக்கிறேன், 48 விநாடிதான், பொறுமையாகப் பாருங்கள்.

நான் கேட்பது இது. விசைப்பலகையைக் கட்டணமில்லாமல், நான் போட்ட சிஸ்டத்தைத் தொடாமல் மாற்றித் தரவேண்டும். விண்டோஸைப் புதிதாகப் போட்டால் வாரண்டி போகாது என்று எழுத்தில் தரவேண்டும், அதை உங்கள் கவுன்டரிலும் சொல்லிவைக்கவேண்டும். என்னைப் போல வாதாடத் தெம்பில்லாதவர்கள் 1,500 கட்டிவிட்டுப் போயிருப்பார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது. 'உதவியாளரை' ஃபர்ம்வேர் அமைப்பிலேயே அணைக்க ஒரு வழி செய்யும் புதுப்பிப்பும் வேண்டும்.

அந்த உதவியாளர் என் லேப்டாப்பிலிருந்து இதுவரை என்னென்ன தகவலை எடுத்து எங்கே அனுப்பினார் என்பதையும் தெரிவிக்கவேண்டும். இதில் என் வகுப்புப் பிள்ளைகளின் பெயரும் மதிப்பெண்ணும் இருக்கின்றன. எங்கள் நாட்டின் 2017-ஆம் ஆண்டுத் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின்படி, என்னைப் பற்றி என்ன வைத்திருக்கிறீர்கள் என்று கேட்கும் உரிமை எனக்கு உண்டு.

விற்ற பொருளில் மறைந்திருக்கும் குறைக்கு விற்றவர் பொறுப்பு என்று எங்கள் சிவில் சட்டத்தின் 1641-ஆம் பிரிவு சொல்கிறது. அதைப் பிடித்துக்கொண்டு வழக்காட எனக்கு ஆசையில்லை, மூன்றாம் வகுப்புக் கட்டுரை நோட்டு ஒரு கட்டு திருத்தாமல் கிடக்கிறது. ஆனால் இந்தக் கடிதம் சேர்ந்த 14 நாளுக்குள் ஒரு மனிதர் கைப்பட எழுதிய பதில் வராவிட்டால், இதே கடிதத்தைப் பிரெஞ்சில் மாற்றி அரசின் நுகர்வோர் விவகாரப் பிரிவில் நேரில் கொடுப்பேன். பிரெஞ்சுக்கு ழ தேவையில்லை, சீக்கிரம் அடித்துவிடலாம்.

பில், வாரண்டி அட்டை இரண்டின் நகல், சர்வீஸ் சென்டர் எழுதிக் கொடுத்த மதிப்பீட்டுச் சீட்டு, முதல் நாள் எடுத்த, 23 மென்பொருள்களையும் காட்டும் திரைப்பிடிப்பு, மேலே சொன்ன வீடியோ ஆகியவற்றை இணைத்திருக்கிறேன். என் பெயரும் எண்ணும் பில்லில் உள்ளவையே. வகுப்பு நேரத்தில் ஃபோனை எடுக்கமாட்டேன், பிற்பகல் மூன்று மணிக்கு மேல் அழையுங்கள். சென்னைத் தம்பியே பேசினாலும் சரி.

இப்படிக்கு,
தமிழாசிரியை ஒருவர்,
கியூர்பிப், மொரீசியஸ்