காலக்கெடுவுக்கு முன்பே டிரேட்

ஆசிரியருக்கு,

வட அமெரிக்காவின் என்ஹெச்எல் லீக்கில் தடுமாறும் ஐஸ் ஹாக்கி அணி, ஒப்பந்தம் முடியப்போகும் நட்சத்திரத்தை எப்பாடுபட்டாவது தக்கவைக்க வேண்டும் என்ற வாதத்தை ஏற்க முடியவில்லை. 2022இல் கால்கரி அணியின் நட்சத்திரம் ஜானி காட்ரோ ஒப்பந்தம் முடிந்து கொலம்பஸ் அணிக்குப் போனபோது, கால்கரிக்கு ஈடாக எதுவும் கிடைக்கவில்லை. அதே கோடையில் டிரேடில், அதாவது அணிகளுக்கிடையிலான வீரர் பரிமாற்றத்தில், கால்கரிக்கு வந்த ஹூபர்டோவுக்கு 8 ஆண்டுகளுக்கு 8.4 கோடி டாலர் என ஒப்பந்தம் போட்டார்கள். முந்தைய பருவத்தில் 115 புள்ளி (கோல்களும் கோலுக்கான உதவிகளும் சேர்ந்தது) எடுத்தவர், கால்கரியில் முதல் பருவத்தில் எடுத்தது 55! அணியின் மொத்தச் சம்பளத்துக்கு உச்சவரம்பு உள்ள லீக்கில் இந்தச் சுமையை எளிதில் இறக்கிவைக்க முடியாது.

2024 ஜனவரியில், ஒப்பந்தம் முடியவிருந்த 29 வயது லிண்ட்ஹோமை கால்கரி வான்கூவர் அணிக்கு அனுப்பியதே சரியான கணக்கு. அந்தப் பருவத்தின் டிரேட் காலக்கெடுவுக்கு ஐந்து வாரம் முன்பே, புதிய வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில் முதல் சுற்றுத் தேர்வு உரிமை ஒன்று கிடைத்தது; குஸ்மென்கோ என்ற வீரரும் வேறு இளம் வீரர்களும் வந்தார்கள். அனுப்பப்படும் வீரரின் சம்பளத்தில் பாதிவரை, அவரை அனுப்பும் அணியே சுமக்க விதி இடம் தருகிறது; அப்படிச் சுமந்தால் இன்னும் நல்ல விலை கேட்கலாம்.

– ஹாக்கி வாசகர் ஒருவர்