ஹெபடைடிஸ் ஈ: தேசிய இரத்த மையத்திற்கு ஒரு திறந்த மடல்

கோலாலம்பூர் ஜாலான் துன் ரசாக்கில் உள்ள தேசிய இரத்த மையத்தின் நிர்வாகத்தினருக்கும், சுகாதார அமைச்சில் இரத்த சேவைக்குப் பொறுப்பான அதிகாரிகளுக்கும் வணக்கம்.

செந்தூல் வட்டாரத்தில் இரத்த தான முகாம்களுக்கு ஆள் திரட்டும் தன்னார்வலர்களில் ஒருவன் என்ற முறையில் எழுதுகிறேன். தானமாக வரும் இரத்தத்தில், கல்லீரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் ஈ கிருமி உள்ளதா என்று பார்க்கும் சோதனையை, நோய் எதிர்ப்பாற்றல் குன்றியவர்களுக்குச் செல்லும் இரத்தத்திலாவது நீங்கள் தொடங்க வேண்டும் என்பதே என் கோரிக்கை.

இப்போது நடக்கும் சோதனைகளில் எனக்குக் குறை ஏதும் இல்லை. இரத்தம் பைக்குள் இறங்கும்போதே தாதியர் சில சிறு குழாய்களிலும் பிடித்துக்கொள்கிறார்கள், எச்.ஐ.வி., ஹெபடைடிஸ் பி, சி, சிபிலிஸ் ஆகியவற்றுக்கான சோதனைகள் அந்தக் குழாய்களிலிருந்துதான் செய்யப்படுகின்றன. ஹெபடைடிஸ் ஈ அந்தப் பட்டியலில் இல்லை.

அதற்கான காரணமும் விளங்காமல் இல்லை. நெடுங்காலம் இது அசுத்தமான குடிநீரால் பரவும் நோயாகவே கருதப்பட்டது. 1955-56இல் டெல்லியில் சாக்கடை நீர் குடிநீரில் கலந்து ஆயிரக்கணக்கானோருக்கு மஞ்சள் காமாலை கண்டதற்கும் இக்கிருமியே காரணம் என்று பின்னாளில் தெரியவந்தது. பன்றி, காட்டுப்பன்றி, மான் ஆகியவற்றின் சரியாக வேகாத இறைச்சியின் வழியே மனிதருக்குத் தொற்றும் வகைகளும் உண்டு என்பது அதற்கும் பிறகு தெரிந்தது. எந்த வழியில் வந்தாலும் பெரும்பாலோருக்கு அறிகுறியே இல்லாமல் சில வாரங்களில் தானாகவே தீர்ந்துவிடும். இரத்த வங்கிக்குச் சிக்கலே அங்குதான் தொடங்குகிறது. உடம்புக்கு ஒன்றுமில்லை என்று நம்பி வரும் கொடையாளரிடம், மஞ்சள் காமாலை வந்ததுண்டா என்று படிவத்தில் எத்தனை முறை கேட்டாலும் இல்லை என்றுதான் எழுதுவார், அவர் எழுதுவதும் பொய்யல்ல. இக்கிருமிக்குக் கொழுப்பு உறை கிடையாது என்பதால், இரத்தத்தின் நீர்ப்பகுதியான பிளாஸ்மாவைச் சுத்திகரிக்க, அந்த உறையைக் கரைத்துக் கிருமிகளைக் கொல்லும் கரைப்பான் முறையும் இதை அழிப்பதில்லை.

இங்கிலாந்தின் தென்கிழக்கில் 2012-13இல் ஏறத்தாழ 2,25,000 தானங்களைச் சோதித்தபோது 79 பேரின் இரத்தத்தில் கிருமி இருந்தது. அதாவது 2,848 பேரில் ஒருவர். அந்த இரத்தத்தைப் பெற்றுக் கண்காணிக்கப்பட்ட 43 நோயாளிகளில் 18 பேருக்குத் தொற்று ஏற்பட்டது, 10 பேருக்கு அது நீடித்தது. உடனடிப் பாதிப்பு பெரும்பாலும் லேசானதே என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். ஆனால், உறுப்பு மாற்று செய்துகொண்டு எதிர்ப்பாற்றலை அடக்கும் மருந்துகளை உட்கொள்வோருக்கு இது நாட்பட்ட நோயாகிக் கல்லீரல் இறுக்கத்தில் போய் முடியலாம் என்று 2008இலேயே பிரெஞ்சு மருத்துவர்கள் எழுதினார்கள். நீர்வழி வகையோ கர்ப்பத்தின் கடைசி மூன்று மாதங்களில் உயிருக்கே ஆபத்தானது. செலாயாங் மருத்துவமனையில் கல்லீரல் மாற்றுக்கும் அம்பாங் மருத்துவமனையில் இரத்தப் புற்றுநோய்க்கும் சிகிச்சை பெறுவோர் எந்தப் பையைப் பெறுகிறார்கள் என்பது ஆகவே தனியாகக் கவனிக்கத் தக்கது. மூன்று நான்கு வாரங்களுக்கு ஒருமுறை இரத்தம் ஏற்றிக்கொள்ளும், தலசீமியா என்ற பரம்பரை இரத்தக் குறைபாடுள்ள பிள்ளைகளை இதில் சேர்ப்பதா என்பதை மருத்துவர்கள் முடிவு செய்யட்டும். என்னைக் கேட்டால் சேர்க்க வேண்டும் என்பேன்.

செலவு என்பீர்கள். நியாயமான கேள்வி. ஆனால் கொடையாளருக்கு இன்னொரு ஊசி தேவையில்லை. பிடித்துவைத்த மாதிரிகளிலேயே, பலருடையதை ஒன்றாகக் கலந்து, கிருமியின் மரபணுவைத் தேடும் முறை இருக்கிறது. இங்கிலாந்திலும் நெதர்லாந்திலும் 24 மாதிரிகளைச் சேர்த்துச் சோதிக்கிறார்கள். அயர்லாந்து 2016இலும், பிரிட்டனும் நெதர்லாந்தும் 2017இலும், ஜெர்மனியும் ஜப்பானும் 2020இலும் எல்லாத் தானங்களையும் சோதிக்கத் தொடங்கின. பிரிட்டன் எடுத்த எடுப்பில் அப்படிச் செய்யவில்லை. 2016இல் குறிப்பிட்ட நோயாளிகளுக்கான இரத்தத்தை மட்டும் சோதித்துவிட்டுத்தான் மறு ஆண்டு எல்லாவற்றுக்கும் விரிவாக்கியது. நமக்கும் அந்தப் படிமுறை பொருந்தும்.

நம் நாட்டில் பெரும்பான்மையோர் பன்றி இறைச்சி உண்பதில்லை, எனவே இங்கு இந்தப் பேச்சே தேவையில்லை என்று சிலர் வாதிடக்கூடும். அந்த வாதம் குடிநீர் வழியை மறந்துவிடுகிறது. தோட்டப்புறத்தில் காட்டுப்பன்றி வேட்டையாடிச் சமைத்த நம் குடும்பங்களையும் அது கணக்கில் கொள்ளவில்லை. ஊகத்தால் தீரும் விவகாரமல்ல இது. கிள்ளான் பள்ளத்தாக்கிலும் பினாங்கிலும் சேரும் தானங்களில் ஒரு பகுதியைப் பெயர் நீக்கிச் சோதித்துப் பார்த்தால் விடை கிடைத்துவிடும்.

உணவு வழியாகவும் தொற்று வரக்கூடும் என்பதால், உறுப்பு மாற்று நோயாளிகள் வீடு திரும்பும்போது இறைச்சியை நன்றாக வேகவைத்து உண்ணும்படி எழுத்தில் அறிவுரை தருவதற்கு அமைச்சுக்குப் பெரிய செலவு ஆகாது. அதை இப்போதே செய்யலாம். சோதனையின் முடிவு எப்படி வந்தாலும், எண்ணிக்கையோடு வெளியிடுங்கள். அந்த அறிக்கை மலாயிலும் ஆங்கிலத்திலும் மட்டுமல்லாமல் தமிழிலும் சீனத்திலும் கிடைத்தால், முகாமில் வரிசையில் நிற்பவர் கேட்கும் கேள்விக்கு நாங்கள் அங்கேயே பதில் சொல்லிவிட முடியும்.

இப்படிக்கு,
இரத்த தான முகாம் தன்னார்வலர்,
செந்தூல், கோலாலம்பூர்