மேற்கு ஆசியாவுக்கு ஒரு முழுத் தாள் வேண்டும்

முதுகலை அரசியல் அறிவியல் பாடத்திட்டக் குழுவில் இருக்கும் பேராசிரியர்களுக்கு,

வணக்கம். குமரி மாவட்டத்தில், களியக்காவிளைக்கும் கடலுக்கும் நடுவில் உள்ள ஒரு ஊரிலிருந்து எழுதுகிறேன். நீங்கள் வகுத்த பாடத்தைப் படித்துப் பட்டம் வாங்கியவள். பாடத்திட்டத்தைத் திருத்தப் போகிறீர்கள் என்று கேள்விப்பட்டதும் எழுதாமல் இருக்க முடியவில்லை.

என் சித்தப்பா பஹ்ரைனில் லாஞ்சில் மீன் பிடித்தவர். நான் முதுகலை முடித்த வருடம், எல்லை தாண்டியதாகப் பிடிபட்டு இருபது நாள் உள்ளே இருந்தார். சித்தி என்னிடம் வந்து, "நீ இதைத்தானே படிச்சே, கடலுக்குள்ள ஏதுடி எல்லை?" என்று கேட்டாள். எனக்குப் பதில் தெரியவில்லை. பன்னாட்டு உறவுகள் தாளின் கடைசி அலகில்தான் மேற்கு ஆசியா வந்தது. அரபு இஸ்ரேல் போர்கள், 1973 எண்ணெய்த் தடை, அவ்வளவுதான். இரண்டே வகுப்பில் முடிந்துவிட்டது.

பதிலை அப்புறம் நானாகத் தேடிப் படித்தேன். ஹவார் தீவுகள் கத்தார் கரையை ஒட்டிக் கிடக்கின்றன, ஆனால் பஹ்ரைனுக்குச் சொந்தம். அந்தப் பகுதி பிரிட்டனின் பாதுகாப்பில் இருந்தபோது, 1939இல், பிரிட்டன் அப்படி முடிவு செய்தது. கத்தார் அதை ஏற்கவில்லை. 1991இல் பன்னாட்டு நீதிமன்றத்துக்குப் போனது. 2001 மார்ச் 16 அன்று வந்த தீர்ப்பு ஹவாரை பஹ்ரைனுக்கும், கத்தார் கரையில் இருக்கும் சுபாராவையும் ஜனான் தீவையும் கத்தாருக்கும் கொடுத்து, நடுக்கடலில் கோட்டையும் வரைந்தது. அந்தக் கடலில் வலை போடுகிறவர்களில் எங்கள் கடற்கரை ஊர்களான தூத்தூர், வள்ளவிளை, நீரோடிக்காரர்களும் உண்டு. அவர்களில் எத்தனை பேருக்கு அந்தக் கோடு எங்கே இருக்கிறது என்று யாராவது சொல்லியிருப்பார்கள்?

இன்னும் கிழக்கே போனால் அபு மூசா, தும்பு தீவுகள். வளைகுடாவை விட்டுப் போகிறோம் என்று பிரிட்டன் 1968இல் அறிவித்தது. 1971 நவம்பர் 30 அன்று ஈரான் படைகள் அந்தத் தீவுகளில் இறங்கின. இரண்டே நாளில், டிசம்பர் 2 அன்று, ஐக்கிய அரபு அமீரகம் பிறந்தது. அந்தத் தீவுகள் யாருக்கு என்று ஈரானுக்கும் அமீரகத்துக்கும் உள்ள தகராறு இன்றும் தீரவில்லை.

ஒரு கோடு எப்படி விழுகிறது என்பது எங்களுக்குப் புரியாத விஷயம் இல்லை. 1956 நவம்பர் 1க்கு முன்னால் எங்கள் விளவங்கோடு தாலுகாவே திருவிதாங்கூர்-கொச்சியில்தான் இருந்தது. எல்லை மாறியதை எங்கள் தாத்தா பாட்டி கண்ணால் பார்த்திருக்கிறார்கள். இப்படிப்பட்ட ஊரிலிருந்து வரும் மாணவனுக்கு வளைகுடா அரசியலைச் சொல்லிக் கொடுப்பது எவ்வளவு எளிது என்று யோசித்துப் பாருங்கள்.

வெளிநாட்டுத் தொழிலாளியை உள்ளூர் முதலாளியோடு கட்டிவைக்கும் கஃபாலா முறையையே எடுத்துக்கொள்ளுங்கள். கபீல் (பொறுப்பேற்கும் முதலாளி), இக்காமா (தங்கும் அனுமதி), ஹுரூப் (வேலையை விட்டு ஓடிவிட்டதாக முதலாளி கொடுக்கும் புகார்) என்ற சொற்கள் எங்கள் தெருவில் குழந்தைக்கும் தெரியும். கபீல் கெட்டவனாக வாய்த்துவிட்டான், தலையெழுத்து என்றுதான் பேசிக்கொள்வோம். அது தலையெழுத்து இல்லை, ஓர் ஆட்சிமுறை. எண்ணெய் வருமானத்தில் நடக்கும் அரசு தன் குடிமக்களிடம் வருமான வரி கேட்பதில்லை. வேலையும் சலுகையும் கொடுக்கிறது. வெளிநாட்டுத் தொழிலாளியின் மேல் அதிகாரத்தையும் அவர்கள் கையிலேயே ஒப்படைக்கிறது. சவூதியில் 2011இல், நிறுவனங்கள் சவூதிக்காரர்களையும் வேலைக்கு எடுத்தாக வேண்டும் என்ற நிதாகத் திட்டம் வந்தபோது வேலை போய்த் திரும்பியவர்களை எனக்குத் தெரியும். அதே வருடம் அரபு நாடுகளில் மக்கள் தெருவில் இறங்கியிருந்தார்கள். தன் நாட்டு இளைஞர்களுக்கு வேலை காட்ட வேண்டிய நெருக்கடி சவூதி அரசுக்கு இருந்தது. இந்த இரண்டையும் சேர்த்துப் பார்க்க ஒரு வகுப்பறை வேண்டும்.

நெட் தேர்வுக்கு இது உதவுமா, நடத்த ஆள் எங்கே என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விகள்தான். முதலில் விருப்பத் தாளாகத் தொடங்குங்கள். சென்னைப் பல்கலைக்கழகத்தில் தெற்கு, தென்கிழக்கு ஆசியாவுக்கு ஒரு மையம் இருக்கிறது. டெல்லியில் ஜவாஹர்லால் நேரு பல்கலைக்கழகத்தில் மேற்கு ஆசியாவுக்கே தனி மையம் உண்டு, ஆனால் எங்கள் பிள்ளைகளில் எத்தனை பேரால் அவ்வளவு தூரம் போக முடியும்? இதோ செக்போஸ்ட்டைத் தாண்டி பஸ் ஏறினால் திருவனந்தபுரம். கேரளப் பல்கலைக்கழகத்தில் இஸ்லாமிய, மேற்கு ஆசிய ஆய்வுத் துறை இருக்கிறது. அங்கிருந்து ஓர் ஆசிரியரை வாரம் ஒரு நாள் அழைக்கலாமே. நம் பிள்ளைகள் பலருக்கு மலையாளத்தில் பாடம் கேட்பதில் சிரமம் இருக்காது.

கூடவே ஒரு பருவம் அரபி எழுத்தும் வாசிப்பும் வையுங்கள். எங்கள் ஊரில் அரபி பேசுகிறவர்கள் நிறைய. வாசிக்கத் தெரிந்தவர்கள்தான் குறைவு. என்ன எழுதியிருக்கிறது என்றே தெரியாமல் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டவர்கள் எங்கள் வீட்டிலேயே இருக்கிறார்கள்.

களப்பணியைக் கடற்கரை ஊர்களில் வையுங்கள். 2020இல் கொரோனா காலத்தில் ஈரானில் மாட்டிக்கொண்ட மீனவர்கள் பந்தர் அப்பாஸிலிருந்து ஐஎன்எஸ் ஜலாஷ்வா கப்பலில் தூத்துக்குடி வந்து இறங்கினார்கள். தூதரகத்துக்கு எப்படித் தகவல் போனது, முதலாளி என்ன சொன்னார், சாப்பாட்டுக்கு என்ன செய்தார்கள் என்பதை அவர்களிடமே கேட்டு எழுதலாம். அந்த ஆய்வேட்டை வேறு யாரும் நமக்காக எழுதப் போவதில்லை.

நான் சேர்த்து வைத்திருக்கும் தீர்ப்பு நகல்களையும் வரைபடங்களையும் துறைக்குத் தருகிறேன். சித்தப்பா இப்போது ஊரில்தான் இருக்கிறார். மாணவர்கள் வந்தால், லாஞ்ச் எந்த இடத்தில் பிடிபட்டது என்று வரைபடத்தில் காட்டுவதாகச் சொல்லியிருக்கிறார்.

இப்படிக்கு,
உங்கள் பழைய மாணவி