அம்மாவின் மூச்சிரைப்பைக் கவனித்தவர்களுக்கு

முதல் நன்றி எதிர்வீட்டு மக்சிக்குக்கு (மலாயில் 'அத்தை' என்பது போல). "உன் அம்மா மார்க்கெட்டிலிருந்து வரும்போது கீழ்த்தளத்தில் இரண்டு தடவை உட்கார்ந்துதான் லிஃப்ட்டுக்கே வருகிறார், முன்பு அப்படி இல்லையே" என்று நீங்கள்தான் என்னிடம் சொன்னீர்கள். ஒரே வீட்டில் இருந்தும் எனக்கு அது தெரியவில்லை. அம்மா வயசாகிவிட்டது என்பார். படுத்தால் வரும் இருமலுக்கு ஏர்கானைக் காரணம் சொல்வார். ஒரு தலையணை மூன்றானதை யாரும் கேட்கவில்லை.

அப்புறம், அங் மோ கியோ பலதுறை மருந்தகத்தில் அன்று எங்களைப் பார்த்த டாக்டருக்கு. இருமல் மருந்துக்குத்தான் வந்தோம். வெளியே அவ்வளவு கூட்டம் காத்திருந்தும் நீங்கள் அவசரப்படவில்லை. ஸ்டெதஸ்கோப்பை இடது மார்புக்குக் கீழே வைத்துக் கேட்டீர்கள். இடப்பக்கமாக ஒருக்களித்துப் படுக்கச் சொல்லி மறுபடி கேட்டீர்கள். அக்குள் வரை நகர்த்தியும் கேட்டீர்கள். 'லப்'புக்கும் 'டப்'புக்கும் நடுவே காற்று ஊதுவதுபோல் சத்தம் இருக்கிறது என்றீர்கள். இசிஜி, எக்ஸ்ரே முடித்து, இதய மருத்துவருக்கு அன்றே கடிதம் கொடுத்தீர்கள். என்னைக் கேட்டால், பின்னால் வந்த எல்லா ஸ்கேனையும்விட அந்த இரண்டு நிமிடம்தான் பெரிது.

எக்கோ (இதய ஸ்கேன்) படத்தை அம்மாவுக்குத் தமிழில் விளக்கிய தாதிக்கு என்ன சொல்வது! இதயத்தின் இடப்பக்கத்தில் மேலறைக்கும் கீழறைக்கும் நடுவே இரண்டு இதழ்க் கதவு, அதுதான் மைட்ரல் வால்வு. கீழறை சுருங்கும்போது அது இறுக மூடவேண்டும். இதழை இழுத்துப் பிடிக்கும் நூல் போன்ற நார் ஒன்று அறுந்ததால் ரத்தம் மேலறைக்கே பீய்ச்சி அடிக்கிறது. அந்த அழுத்தம் நுரையீரல்வரை போவதால்தான் மூச்சு வாங்குகிறது என்று திரையில் தொட்டுத் தொட்டுக் காட்டினீர்கள். பயந்து போயிருந்த அம்மா அதற்குப் பிறகுதான் கேள்வி கேட்கவே ஆரம்பித்தார். தொண்டை வழியாகக் குழாய் விட்டு எக்கோ எடுத்த அன்றும் அவர் கையை விடாமல் பிடித்திருந்தீர்கள். எந்த இதழ், எந்த இடம் என்று அதில் தெளிவாகத் தெரிந்ததால், வால்வை மாற்றாமல் சரிசெய்யவே முடிந்தது.

அறுவை சிகிச்சை செய்த குழுவுக்கும், ரசமும் கஞ்சியும் கொண்டுவந்த எங்கள் அடுக்குமாடி புளோக் நண்பர்களுக்கும் எங்கள் வணக்கம்.

போன சனிக்கிழமை அம்மா தனியாக மார்க்கெட் போய்வந்தார். வழியில் கீழ்த்தளத்தில் உட்காரவும் செய்தார், மக்சிக்கோடு பேசுவதற்கு.

அன்புடன்,
அம்மாவின் மகள்
அங் மோ கியோ, சிங்கப்பூர்