படத்தில் எதை அகற்றுவது, எதை விடுவது

அன்புள்ள மகளுக்கு,

நீ அனுப்பிய இரண்டு படங்களையும் கணினியில் பெரிதாக்கி ஆறுதலாகப் பார்த்தேன். வெள்ளவத்தையில் நமது ஒழுங்கை முனையில் நின்று கடலைப் பார்த்து எடுத்த படத்தில் வானத்தின் குறுக்கே ஓடும் மின்கம்பிகளையும், காலிமுகத் திடலில் பேரன் பட்டத்துடன் நிற்கும் படத்தில் அவனைச் சுற்றியுள்ள எல்லாவற்றையும் நீக்கிவிட்டு, சுவரில் மாட்டும் அளவுக்குப் பெரிதாக அச்சிட விரும்புவதாக எழுதியிருக்கிறாய். ஸ்டூடியோக்களுக்கு அல்பம் வடிவமைத்துக் கொடுக்கும் எனக்கு இது அன்றாட வேலை. ஆயினும் நீயே செய்யப் பழகிக்கொள்வது நல்லது என்பதால் விரிவாக எழுதுகிறேன்.

முதலில், மூலப் படத்தின் மீது நேரடியாகக் கை வைக்காதே. போட்டோஷொப்பில் அதன் மேலே வெறுமையான ஒரு லேயரை (படத்தின் மேல் விரித்த கண்ணாடித்தாள் போன்ற அடுக்கை) வைத்து, எல்லா லேயர்களிலிருந்தும் மாதிரி எடுக்கும் தெரிவை இயக்கிவிட்டு, திருத்தங்களை அந்த வெறும் லேயரிலேயே செய். பிழைத்த இடத்தை மட்டும் அழித்துவிட்டு மறுபடி தொடங்கலாம்.

வெறும் வானத்தில் ஓடும் கம்பி மிகச் சுலபமானது. பூசிய இடத்தைச் சுற்றியுள்ள நிறத்தால் மூடிவிடும் ஸ்பொட் ஹீலிங் பிரஷைக் கம்பியை விடச் சற்றே தடிப்பாக வைத்து, ஒரு முனையில் சொடுக்கி, ஷிப்ட் விசையை அழுத்தியபடி மறுமுனையில் சொடுக்கினால் இடையில் நேர்கோடாக அது துடைத்துக்கொண்டு போகும். கம்பிகள் நடுவில் தொய்ந்து வளைந்திருப்பதால் ஒரேயடியாக இழுக்காமல் சிறு சிறு துண்டுகளாகப் போ. சிரமம் தென்னோலையைத் தொடும் இடத்தில்தான் வரும். அங்கே ஹீலிங் பிரஷ் ஓலையின் பச்சையை வானத்துக்குள் இழுத்து அழுக்குப் படிந்தது போல ஆக்கிவிடும். ஆகவே அந்த இடத்தில், ஓரிடத்தை அப்படியே நகலெடுத்து இன்னோரிடத்தில் ஒட்டும் குளோன் ஸ்டாம்பை எடுத்து, ஓல்ட் விசையால் மாதிரி இடத்தைக் குறித்து, படத்தை இருநூறு வீதத்துக்குப் பெரிதாக்கி, ஓலை ஓலையாகச் செய்ய வேண்டும். வானத்தின் மாதிரியை மேலிருந்தோ கீழிருந்தோ எடுக்காதே. அடிவானத்தை நெருங்க நெருங்க வானம் வெளிறிக்கொண்டே போவதால், அதே உயரத்தில் இடப்பக்கமோ வலப்பக்கமோ இருந்து எடுத்தால்தான் நிறம் பொருந்தும். கடலுக்கும் இதே விதிதான்: தூரத்து அலை சிறிது, கிட்டத்து அலை பெரிது, ஆகையால் கரையோர நுரையைக் கொண்டுபோய் நடுக்கடலில் ஒட்டினால் பார்ப்பவருக்குக் காரணம் தெரியாவிட்டாலும் கண் உறுத்தும்.

2024இல் வந்த போட்டோஷொப் பதிப்பில் கம்பிகளைத் தானாகவே கண்டுபிடித்து நீக்கும் வசதி இருக்கிறது. அதைப் பயன்படுத்துவதில் தவறில்லை. ஆனால் ஓலை விளிம்புகளை நீ ஒருமுறை கண்ணால் சரிபார்க்கத்தான் வேண்டும். பணம் கொடுத்து மென்பொருள் வாங்க விருப்பமில்லையென்றால் இலவசமாகக் கிடைக்கும் கிம்ப் போதும், குளோன், ஹீல் இரண்டும் அதிலும் உண்டு.

இனிக் காலிமுகத் திடல் படம். பேரனின் தோளுக்குப் பின்னால் பாதியாக வெட்டுப்பட்டு நிற்கும் அந்நியரின் முழங்கையையும், புல்லில் கிடக்கும் பொலித்தீன் பையையும் தாராளமாக எடுத்துவிடு. அவை அந்த நிமிடத்தில் தற்செயலாக வந்து விழுந்தவை. ஆளை எடுத்தால் அவருடைய நிழலையும் எடுக்க மறவாதே. மாலை வெயில் கடல் பக்கமிருந்து வருவதால் நிழல்கள் எல்லாம் கமெராவை நோக்கி நீண்டு கிடக்கின்றன; ஆளில்லாத நிழலொன்று புல்லில் தனியாகக் கிடந்தால் செய்த வேலை முழுவதும் வெளித்துவிடும்.

இறால் வடை வண்டியை மட்டும் எடுக்காதே என்று உன்னிடம் கேட்டுக்கொள்கிறேன். அது படத்தைக் கெடுப்பதாக நீ நினைக்கிறாய். அந்த வண்டியும், அதன் கண்ணாடிக்குப் பின்னால் அடுக்கியிருக்கும் வடைகளும், தூரத்தில் பட்டம் விடும் பிள்ளைகளும் இல்லாவிட்டால் எஞ்சுவது புல்லும் கடலும் மாத்திரமே; அது எந்த ஊர்க் கடற்கரையாகவும் இருக்கலாம். உன் மகன் வளர்ந்த பின் அந்தப் படத்தில் கொழும்பைத் தேடுவான். அவனுக்குக் கிடைக்க வேண்டியதை நாம் அழிக்கக்கூடாது.

இதே காரணத்தால்தான் வெற்றிடத்தை எதைக் கொண்டு நிரப்புகிறோம் என்பதிலும் நான் கண்டிப்பாக இருக்கிறேன். 2010இல் வந்த கொன்டென்ட் அவெயார் பில் வசதி, அதே படத்தின் மற்றப் பகுதிகளிலிருந்து பொருத்தமான துண்டுகளைத் தேடியெடுத்து ஓட்டையை மூடுகிறது. ஆகவே அங்கே வருவது நீ எடுத்த புல்லும் நீ எடுத்த வானமுமே. 2023இல் வந்த ஜெனரேட்டிவ் பில் படத்தில் இல்லாத ஒன்றைப் புதிதாக உருவாக்கி வைக்கும். பார்வைக்கு அழகாக இருக்கும், ஆனால் காலிமுகத் திடலில் இல்லாத பாறையையோ மரத்தையோ அது கொண்டுவந்து நட்டால், பத்து வருடத்தின் பின் யாருக்கு அது தெரியப்போகிறது?

ஒழுங்கைப் படத்தைப் போட்டிக்கும் அனுப்பும் யோசனை இருந்தால் முதலில் விதிகளை வாசி. 2010இல் வேர்ல்ட் பிரெஸ் போட்டோ என்ற சர்வதேச செய்திப்படப் போட்டியில் பரிசு பெற்ற ஒரு படத்தொடர், பின்னணியில் தெரிந்த ஒரு காலின் சிறு பகுதியை நீக்கியதற்காகவே தகுதி இழந்தது. வீட்டுச் சுவருக்குக் கம்பியை எடுக்கலாம். செய்திப்படம் என்று அனுப்புவதில் எதையும் எடுக்க முடியாது.

அடுத்த முறை வரும்போது, சுதந்திர சதுக்கம் போன்ற சனம் நடமாடும் இடத்தில், கமெராவை முக்காலியில் அசையாமல் வைத்துச் சில விநாடி இடைவெளியில் பத்துப் பதினைந்து படங்கள் எடு. அவற்றை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி மீடியன் கணக்கில், அதாவது ஒவ்வொரு புள்ளிக்கும் எல்லாப் படங்களிலும் உள்ள மதிப்புகளின் நடு மதிப்பை எடுத்து, சேர்த்தால், நடந்து போனவர்கள் மறைந்து கட்டடம் மட்டும் நிற்கும். யாரையும் தூரிகையால் துடைக்க வேண்டியதில்லை.

இப்போதைக்கு இரண்டு படங்களின் மூலக் கோப்புகளையும் மின்னஞ்சலில் அனுப்பு. வட்ஸ்அப்பில் வந்தவை சுருங்கிவிட்டன. அந்த அளவில் ஓலை விளிம்புகளைத் திருத்தவும் முடியாது, பெரிதாக அச்சிடவும் முடியாது.

அன்புடன்,
அம்மா