பன்றிக்குத்தானே என்று தள்ளிவிடும் மக்காச்சோளம்

ஆசிரியருக்கு வணக்கம்.

பந்தலூர் வட்டம் சேரம்பாடியில் பதினோரு ஆண்டுகளாக வெண்பன்றி வளர்க்கிறேன். என்னிடம் எட்டுத் தாய்ப்பன்றிகள் இருக்கின்றன. பட்டிக்கு அந்தப் பக்கம் வயநாடு. 2022 ஜூலையில் மானந்தவாடிப் பக்கம் ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் உறுதியான நாளிலிருந்து, ஒரு பன்றி தீனியை ஒதுக்கினாலே எங்களுக்கு வயிற்றைக் கலக்கும். அந்தப் பயத்தில் தீவன மூட்டையைப் பார்க்க மறந்துவிட்டேன்.

கடந்த ஆடி மழையில் மூன்று மாதப் பெண்குட்டிகள் ஐந்துக்குப் பிறப்புறுப்பு சிவந்து வீங்கியது, பருவத்துக்கு வந்ததுபோல. மூன்று மாதக் குட்டிக்கு ஏது பருவம்? அடுத்த வாரம் ஒரு தாய்ப்பன்றி ஒன்பது குட்டிகள் ஈன்றது. நான்கு செத்தே பிறந்தன. பிழைத்த பெண்குட்டிகளுக்கும் அதே வீக்கம். பிறகு பட்டி முழுவதும் கழிச்சல், இருமல். மருந்து கொடுத்தால் இரண்டு நாள் நிற்கும், மறுபடி வரும். காலம் தவறாமல் தடுப்பூசி போட்டிருந்தேன். ஊசி மருந்துதான் கெட்டுப்போயிருந்தது என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

கால்நடை மருத்துவர் வந்து முதலில் ரத்தம் எடுத்து அனுப்பினார். ஆப்பிரிக்கக் காய்ச்சல் இல்லை என்று வந்தது. அப்புறம்தான் தீவன அறையைத் திறக்கச் சொன்னார். மக்காச்சோள மூட்டைக்குள் முழங்கை வரை கையை விட்டவர், "நீங்களும் கை வைத்துப் பாருங்கள் அம்மா" என்றார். மேலே காய்ந்து கிடந்த சோளம் உள்ளே வெதுவெதுவென்றிருந்தது. ஒரு பிடி, கட்டியாகவே வந்தது. உடைத்தால் மணிகளின் நுனியில் இளஞ்சிவப்புப் பூஞ்சை, இடையில் சாம்பல் பச்சைத் தூள், நனைந்த கோணியின் வாடை. கிலோவுக்கு நான்கு ரூபாய் குறைவென்று வாங்கியது. "கோழிக்கு ஆகாது, பன்றிக்குத்தானே" என்று சொல்லித்தான் வியாபாரி கொடுத்தார். நானும் தலையாட்டினேன்.

அந்தச் சொல் எவ்வளவு தவறு என்பதை எல்லாரும் தெரிந்துகொள்ள வேண்டும். அசைபோடும் மாட்டின் முதல் இரைப்பையில் இருக்கும் நுண்ணுயிர்கள் பூஞ்சை நச்சுகள் சிலவற்றை ஓரளவு உடைத்துவிடும். பன்றிக்கு அந்தக் காவல் இல்லை. ஃபியூசேரியம் பூஞ்சையின் ஜீரலினோன் என்ற நச்சு பன்றியின் உடலில் பெண் ஹார்மோன் போலவே வேலை செய்கிறது. என் குட்டிகளின் வீக்கம் அதன் அடையாளம் என்றார் மருத்துவர். அதே பூஞ்சை இனத்திலிருந்து வரும் வாமிடாக்சினால் பன்றி தீனியை வெறுக்கும், வாந்தி எடுக்கும். ஃபுமோனிசின் அளவு மீறினால் நுரையீரலில் நீர் கோத்துவிடும். அஃப்ளாடாக்சின் ஈரலை அரிக்கும்.

இவை சிறிய அளவில் நாள்தோறும் உள்ளே போவதுதான் எனக்கு அதிகப் பயம். பன்றி உடனே சாகாது. எதிர்ப்பு சக்தி குன்றும், போட்ட தடுப்பூசி முழுப் பலன் தராது, மற்ற நாளில் தாங்கிக்கொள்ளும் கிருமியே படுக்க வைத்துவிடும். நாம் கழிச்சலுக்கு மருந்து வாங்கிக்கொண்டே இருப்போம்.

வேகவைத்துத்தானே போட்டேன் என்று மருத்துவரிடம் வாதாடினேன். வேகவைத்தால் பூஞ்சை சாகும், வெயிலில் காயவைத்தால் வளராமல் நிற்கும், ஆனால் அது விட்டுச்சென்ற நச்சு போகாது என்றார். நச்சைப் பிடித்துக்கொள்ளத் தீவனத்தில் கலக்கவென்று கடையில் விற்கும் டாக்சின் பைண்டர்களில் களிமண் வகை அஃப்ளாடாக்சினை நன்றாகப் பிடிக்கும், ஜீரலினோனையும் வாமிடாக்சினையும் அப்படிப் பிடிக்காதாம். மிச்சமிருந்த பதினான்கு மூட்டைகளையும் குழி வெட்டிக் கொட்டி மூடினேன். தீனியை மாற்றிய பத்தாம் நாள் வீக்கம் வடிந்தது. கழிச்சல் அடங்க ஒரு மாதம் ஆனது.

மக்காச்சோளத்தில் ஈரம் 14 சதவீதத்தைத் தாண்டினால் சேமிக்கக் கூடாது. எங்கள் மலையில் ஆனி முதல் ஆவணி வரை சுவரே வியர்க்கும். வாங்கும் இடத்திலேயே ஈரத்தை அளந்து பார்க்க எங்களுக்கு வழியில்லை. நச்சைக் கண்டறிய நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியில் தீவன ஆய்வகம் இருக்கிறது. அங்கே போய்வர இரண்டு நாள் பட்டியை யாரிடம் விடுவேன்? வட்டத்துக்கு ஒரு கால்நடை மருந்தகத்திலாவது ஈரமானி ஒன்று வைக்க வேண்டும். மழைக்காலத்தில் வாரம் ஒருமுறை தீவன மாதிரிகளைச் சேர்த்து நாமக்கல்லுக்கு அனுப்பவும் கால்நடைத் துறை ஏற்பாடு செய்ய வேண்டும்.

மறுபடி மழை தொடங்கிவிட்டது. போன வாரமும் எங்கள் கடைவீதியில் கறுத்த மக்காச்சோளம் லாரியிலிருந்து இறங்கியது. எதற்கு என்று கேட்டேன். பன்றிக்கு என்றார்கள்.

இப்படிக்கு,
பன்றி வளர்ப்பவர்,
சேரம்பாடி, நீலகிரி மாவட்டம்.